கறுப்புக் கல் வெளியில் சொன்ன ‘பாப்பம்’

மகனுக்கு என் ஸலாம். போன மாதம் நீ வாட்ஸ்அப்பில், “அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா வாப்பா?” என்று கேட்டிருந்தாய். நான் ஒரே சொல்லில், “கதைச்சம்” என்று பதில் போட்டேன். நீ பெருவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பினாய். கதைத்தது உண்மைதான். கலியாண அழைப்புக் காட்டை எந்த நிறத்தில் அடிப்பது, விருந்துக்கு எத்தனை சஹன் தட்டுச் சோறு வைப்பது என்றெல்லாம் உனக்குப் பேசிய ஹஸ்னாவின் வீட்டாருடன் கதைத்தோம். நீ சொல்லச் சொன்னதைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சொல் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. இப்படிப்பட்ட சொற்களைத் தேடி எடுத்துப் பாவிப்பதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. கலியாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. முந்தாநாள் மூதூருக்கு, அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே நடந்ததை நீ அறியவேண்டும். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நானும் அதற்கு ஒத்துப்போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். நாற்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படவரைஞராக இருந்தவனுக்கு வேறு முறை தெரியாது. இதை உம்மாவும், மூத்தவளான உன் ராத்தாவும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு முன் நான் உம்றா யாத்திரைக்காக, நீ வேலை செய்யும் சவூதிக்கு வந்திருந்தேன். என் குழுவினர் மதீனாக் கடைத்தெருவில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு நாட்களை நீ எனக்காக வேறு விதமாகத் திட்டமிட்டிருந்தாய். அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து நான் வெளியே வந்தபோது உன் வேலைத்தளத்து நண்பரின் வெள்ளைக் காரோடு நின்றாய். வடக்கே நாலு மணித்தியால ஓட்டம், பாலைவனம் பார்க்கலாம், ஈராயிரம் வருடத்துக்கு முந்திய கட்டடங்களைப் பார்க்கலாம் என்றாய். கட்டடம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொன்னாய் என்று நினைக்கிறேன். நான் ஏறி, இருக்கைப் பட்டியைப் பூட்டி, அது பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

“என்ன வாப்பா எழுதுறீங்க?”

“கிலோமீற்றர்.”

“அதைக் கார் எழுதும்தானே.”

“எங்க நிண்டது, ஏன் நிண்டது எண்டு கார் எழுதாது.”

நீ சிரித்தாய். அந்தக் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெற்றோல் அடித்த இடம், ஒட்டகங்கள் தெருவைக் கடந்த இடம், நீ எனக்காக ஒதுக்கி நிறுத்திய இரண்டு இடங்கள். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. கறுப்புக் கல் வெளி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எப்போதோ பூமிக்குள்ளிருந்து உருகி வழிந்து உறைந்த கல் என்று நீ சொன்னாய். இருபக்கமும் கண் எட்டும்வரை கரி கொட்டியதுபோலக் கிடந்தது. எங்கள் பக்கத்து வயல்வெளியில் ஒரு கொக்கோ, ஒரு மாடோ, ஒரு வரம்போ பார்வையைப் பிடித்து நிறுத்தும். அங்கே பார்வைக்குக் கால் வைக்க இடமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் நீ நம்புவாயோ தெரியாது. அந்த வெளி என்னிடம் எந்த அபிப்பிராயத்தையும் கேட்கவில்லை.

அந்த வெளியின் நடுவில்தான் உம்மாவின் அழைப்பு வந்தது. நாங்கள் போகும் இடத்தின் பெயரை நீ சொன்னதும் அவள் குரல் ஏறியது.

“மதாயின் சாலிஹுக்கா? அது அதாபு, அல்லாஹ்ட தண்டனை இறங்கின இடமல்லவா? உம்றாவுக்குப் போன மனிசனை அங்க என்னத்துக்குக் கூட்டிட்டுப் போறாய்?”

“உம்மா, பாத்திட்டு உடனே வந்திருவம். வாப்பாவுக்கு ஒண்டும் நடக்காது.”

“அவருக்கு என்ன நடக்கப்போகுது? அவர் ஒரு இடத்திலயும் ஊண்டி நிக்கிற ஆளில்ல. நான் பயப்படுறது உன்னைப் பத்தி.”

நீ மறுபடியும் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போனோம். காரை வெளியே விட்டுவிட்டு அவர்களுடைய பஸ்ஸில்தான் உள்ளே போகவேண்டும் என்றார்கள். மணலுக்கு நடுவில் சிவந்த குன்றுகள், ஒவ்வொரு குன்றிலும் வாசல்கள். வாசலுக்கு மேலே படிப்படியாகச் செதுக்கிய வேலைப்பாடு, தூண்கள், பறவைகள். நான் தலையில் கட்டியிருந்த துணியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டேன். நபிகளார் இந்த வழியால் போனபோது தலையை மூடிக்கொண்டு விரைந்து கடந்தார்கள் என்றும், இங்குள்ள கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம் என்று தோழர்களிடம் சொன்னார்கள் என்றும் சின்ன வயதில் ஓதிய ஞாபகம். வெயில் ஏறியபோது நீ தண்ணீர்ப் போத்தலை நீட்டினாய். நான் வேண்டாம் என்றேன்.

“வாப்பா, இது மதீனாவில வாங்கின தண்ணி.”

“ஓம், எண்டாலும்.”

“கிணத்துத் தண்ணியைத்தான் குடிக்கக் கூடாது. போத்தல் தண்ணிக்கு என்ன?”

“குடிக்கிற இடம் இதுதானே.”

நீ அந்தப் போத்தலை என் முன்னாலேயே பாதிவரை குடித்தாய். என்னைச் சீண்டத்தான். நான் இரண்டு மணித்தியாலம் வறண்ட நாக்கோடு நடந்தேன். அது மார்க்கப் பேணுதலா, அல்லது எதற்கும் ஒரு படி பின்னால் நின்றுகொள்ளும் என் சுபாவமா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. அந்த வாசல்கள் வீடுகளின் வாசல்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்களைக் கூட்டிப்போன இளம் பெண், அவை கபுறுகள், செத்தவர்களுக்காக வெட்டியவை என்றாள். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கில்லை. ஆனால் அவற்றை எப்படி வெட்டினார்கள் என்று அவள் விளக்கியபோது முழுக் கவனத்தோடு கேட்டேன். மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வந்தார்களாம். தனியாக நிற்கும் ஒரு பெரிய பாறையில் மேல்பாதி மயிரிழை பிசகாமல் முடிந்திருக்கிறது, கீழ்ப்பாதி கரடாகவே விடப்பட்டிருக்கிறது. கடதாசியில் கோடு பிழைத்தால் நான் அழித்துவிட்டு வேறு கீறுவேன். கல்லில் கோடு போட்டவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் முதல் அடி அடிக்கும்போதே எங்கே எது வரவேண்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான் அவனைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பெண்பிள்ளைகளின் குன்று என்று அவர்கள் சொல்லும் இடத்துக்கு வந்தோம். ஒரு வாசலுக்கு மேலே பலகை மாதிரி மட்டமாக்கி அதில் எழுத்து வெட்டியிருந்தது. அந்தப் பெண் அதன் பொருளை ஆங்கிலத்தில் சொன்னாள். இதைச் செய்வித்தவள் ஒரு பெண், தனக்கும் தன் பெண்மக்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் என்று செய்வித்திருக்கிறாள், இதை யாரும் விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது. இதுதான் சாரம். கூட வந்த வெளிநாட்டுக்காரர் சிலர் வியந்து படம் எடுத்தார்கள். நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? எங்கள் கிண்ணியாவில் எந்த அலுமாரியைத் திறந்தாலும் அந்த வாசகத்தோடு ஒரு காணி உறுதி இருக்கும். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவான். “மூதூர்க் காணிக் கந்தோரில எழுதின மாதிரி இரிக்கி” என்று நீ சொன்னாய். நான் அதைக் கேட்டுச் சிரித்தபோது நீ சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும் என்ன என்று கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அதே கறுப்புக் கல் வெளியில் நீ காரின் வேகத்தைக் குறைத்தாய்.

“வாப்பா, ஒண்டு சொல்லணும். கோவிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“ஹஸ்னாட வீட்டில போய் நான் இருக்கமாட்டன். அவங்க தாற வீடு எனக்கு வேணாம். வாடகைக்கு ஒண்டு எடுப்பன், மறுகா கட்டுவன். அவள் என்ட வீட்டுக்கு வரட்டும்.”

“ஏன் மகன்?”

“உங்களைப் பாத்து வளந்தனான் வாப்பா. முப்பத்தஞ்சு வருசம் அந்த வீட்டில விருந்தாளி மாதிரி இருந்தீங்க. ஒரு ஆணி அடிச்சீங்களா? ஒரு கதிரையைத் தூக்கி இடம் மாத்தி வச்சீங்களா? ஊருக்கெல்லாம் வீடு கீறிக் குடுத்த மனிசனை உம்மாட ஆக்கள் அப்படி வச்சிருந்தாங்க. எனக்கு அது ஏலாது. நீங்கதான் அவங்களிட்டச் சொல்லணும். நான் சொன்னா மரியாதை இல்ல.”

நான், “பாப்பம்” என்றேன். நீ வலது கையை எடுத்து என் தோளில் வைத்தாய். கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டினாய். நீ பெரியவனான பிறகு என்னைத் தொட்டது குறைவு. அதனால் நான் அசையாமல் இருந்தேன். கொப்பியில் அந்த இடத்துக்கு நேரே கிலோமீற்றர் மட்டும் எழுதியிருக்கிறது.

இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அதற்கு இரண்டு பொருள், சொல்பவரின், கேட்பவரின் வயதைப் பொறுத்து. என் வயதுக்காரர் ஒருவர் ‘பாப்பம்’ என்றால் அது முகத்தை முறிக்காத ‘இல்லை’. பெண் கேட்டு வந்தவரிடம் அதைச் சொன்னால் அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போவார், மறுபடி வரமாட்டார். உன் வயதுக்காரர் வேலைத்தளங்களில் பழகியவர்கள். அவர்களுக்குப் ‘பாப்பம்’ என்றால் செய்து முடித்துவிடலாம் என்று பொருள். நான் என் வயதின் சொல்லைச் சொன்னேன், நீ உன் வயதின் சொல்லைக் கேட்டாய். உன் கை என் தோளுக்கு வந்தபோதே எனக்கு அது விளங்கிவிட்டது. திருத்தியிருக்கலாம். மதீனா வரைக்கும் நேரம் இருந்தது.

இப்போது எழுதப்போவதுதான் எனக்குக் கடினமானது. உனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூட வேலைக்காக ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தாய். “நீங்க ஏன் வாப்பா வீட்டில படம் கீறுறதில்ல? ஏன் எப்பவும் கந்தோரிலேயே கீறுறீங்க?” என்று கேட்டாய். நான், “இது உம்மாட வீடு மகன்” என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நீ பதினெட்டு வருடமாக உம்மாவின் ஆட்களை அளந்திருக்கிறாய் என்று கறுப்புக் கல் வெளியில்தான் எனக்குத் தெரியவந்தது. நடந்தது இதுதான். நான் மாப்பிள்ளையாக அந்த வீட்டில் ஏறிய முதல் மாதமே உம்மா முன் அறையைக் காலி செய்து, யன்னல் பக்கமாக ஒரு பெரிய மேசையைப் போட்டு, மேலே விளக்கும் மாட்டுவித்தாள். “இது உங்கட கீறுற வேலைக்கு. விளக்கு இந்தப் பக்கம் வேணுமா, அந்தப் பக்கம் வேணுமா?” என்று கேட்டாள். நான், “உங்கட விருப்பம்” என்றேன். விளக்கு பிழையான பக்கத்தில் வந்தது. கோடு போடும்போது என் கை நிழல் கடதாசியில் விழுந்தது. மாற்றித் தரச் சொல்ல எனக்குக் கூச்சம். கந்தோரில் ஒரு மணித்தியாலம் கூடுதலாக இருந்து வேலையை முடித்துவிட்டு வரத் தொடங்கினேன். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கரை மாறவேண்டும். அதில் தாமதம், இதில் தாமதம் என்று காரணம் சொல்ல வசதியாக இருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு உம்மா அந்த மேசையில் தையல் மெஷினை வைத்தாள். உனக்கு அதைத் தையல் மேசையாகத்தான் தெரியும்.

யாரும் என்னை விருந்தாளியாக வைத்திருக்கவில்லை. என் மாமி குசினிக் கதவை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டா. மச்சான்மார் கூரை மாற்றும்போது ஓடா, சீற்றா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். அதை அவர்கள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். சில வருடங்களுக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். நீ பிறந்து வளர்ந்தது அவர்கள் கேட்பதை விட்டுவிட்ட பிறகு. ஆகவே நீ பார்த்தது உண்மைதான், ஆனால் பாதிப் படம். ஒரு பக்கத் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வீடு கட்டுவதில்லை. மற்றப் பக்கத்தை உனக்குக் காட்டவேண்டியவன் நான். காட்டவில்லை. ஏனென்றால் நீ என்னைப் பாவப்பட்டவனாகப் பார்த்தது எனக்கு ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. பயந்தவன் என்று பார்க்கப்படுவதை விட, ஒடுக்கப்பட்டவன் என்று பார்க்கப்படுவது மேல் என்று நினைத்திருக்கிறேன் போலும். இந்த இடம்வரை எழுதியதை உம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “விளக்கு பிழையான பக்கம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் பத்து நிமிசத்தில மாத்தியிருப்பன்” என்றாள். பிறகு, “நான் நினைச்சன், உங்களுக்கு என்ட வீடு பிடிக்கல்ல எண்டு” என்றாள். இந்த முப்பத்தைந்து வருடத்தில் அவள் அதை இப்போதுதான் சொன்னாள்.

வழக்கத்தில் குறையில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமானால் உன் மச்சானை, ராத்தாவின் மாப்பிள்ளையைப் பார். அதே வீடு, அதே முறை. ராத்தாவின் பேருக்கு எழுதி, அவர் வந்து ஏறி, நாங்கள் பின் அறைக்கு மாறினோம். வந்த மூன்றாம் நாள் அவர் என்ன செய்தார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கதவில் முட்டுகிறது என்று அந்தப் பெரிய அலுமாரியைத் தனியாளாக இழுத்தார். உம்மா ஓடிவந்து, “என்ன மருமகன், வீட்டையே பேர்க்கிறீங்க?” என்றாள். அவர், “மாமி, இந்தக் கதவை இந்த இடத்தில வச்ச மேசனைப் பிடிச்சு உள்ள போடணும்” என்றார். மாமி காட்டிய இடத்தில் அந்தக் கதவைக் கடதாசியில் குறித்தவன் நான்தான். சொல்லவில்லை. உம்மா அந்தக் கதையை ஒரு கிழமை தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கும் அவருக்கும் உம்மாவுக்கும் கிழமைக்கு இரண்டு சண்டை. சண்டை பிடிக்கிறவன் விருந்தாளி இல்லை.

ஊருக்குத் திரும்பி நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வந்து இரண்டு கிழமைக்குள் ஹஸ்னாவின் வாப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். “நானா, மூதூரில நீங்க கீறின வீடு பத்து இரிக்கி. என்ட மகளும் உங்கட மகனும் இருக்கப்போற வீட்டுக்கு இன்னொரு அறை போடப்போறன். அதை நீங்க கீறாம வேற ஆர் கீறுற?” என்றார். சொல்லவேண்டிய இடம் அதுதான். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். அளந்தேன். ஒரு கிழமை இருந்து ஒழுங்காகக் கீறினேன். நீ வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு நானே ஓர் அறையைச் சேர்த்துக் கொடுத்தேன். அத்திவாரம் போட்டு, சுவர் எழும்பி, யன்னல் மட்டத்தையும் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் படம் எடுத்து அவர் எனக்கு அனுப்பினார். நானும் ஒவ்வொன்றுக்கும் “மாஷா அல்லாஹ்” போட்டேன். அந்தக் கிழமைகளில்தான் உனக்குக் “கதைச்சம்” என்று எழுதியது.

முந்தாநாள் மத்தியானம் மூதூர் பஸ்ஸில் ஏறினேன். முன்பென்றால் துறைக்குத் துறை காத்திருக்கும் நேரத்தில் மனம் மாறித் திரும்பி வர வழி இருந்தது. இப்போது பாலங்கள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. சொல்லவேண்டியதை மூன்று வசனமாக்கி, பஸ்ஸில் இருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நான் போனபோது மேசன் சாரக்கட்டில் ஏறி நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ஹஸ்னாவின் வாப்பா கையில் என் படத்தோடு நின்றார்.

“வாங்க நானா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. இந்த யன்னலைக் கொஞ்சம்…”

“மகன் இந்த வீட்டில வந்து இருக்க விரும்பல்ல” என்றேன். “மூணு மாசத்துக்கு முதலே என்னட்டச் சொல்லிட்டான். உங்களிட்டச் சொல்லாம விட்டது என்ட பிழை.”

அவர் படத்தைச் சுருட்டினார். “மூணு மாசத்துக்கு முதலா? இந்தச் சுவரைக் கீறித் தந்ததே நீங்கதானே நானா!”

“ஓம்.”

“கீறும்போதும் தெரியுமா?”

“ஓம்.”

“அல்லாஹ்வே, இப்படி ஒரு மனிசனை நான் பாத்ததில்ல” என்றார். மேசன் மறுபக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. “எங்கட வீட்டில என்ன குறையைக் கண்டார் உங்கட மகன்? மண் சரியில்லையா, மனிசர் சரியில்லையா? ஊர்ல கலியாணக் காட்டுக் குடுத்து முடிஞ்சுது. இனி நான் எந்த மூஞ்சோட பள்ளிவாசலுக்குப் போற?” அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. எனக்கு வரவேண்டிய ஏச்சு அது.

அப்போதுதான் ஹஸ்னா பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை. தெருவிலேயே கேட்டிருக்கிறது. “வாப்பா, கொஞ்சம் பேசாம இருங்க” என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“மாமா, அவர் வேணாம் எண்டது வீட்டையா, என்னையா?”

“வீட்டைத்தான் புள்ள. உன்னை ஒரு சொல் சொல்லல்ல.”

“வீடு என்ட பேரில இரிக்கி. உம்மா எனக்குத் தந்தது. அவருக்கு ஆர் குடுத்த? குடுக்காத சாமானை எப்படி மாமா வேணாம் எண்டு சொல்ற?”

அவளுடைய வாப்பா சுருட்டிய படத்தைக் கீழே வைத்தார்.

“நான் இந்த வீட்டிலதான் இருப்பன். என்னோட வந்து இருக்க அவருக்கு விருப்பமா இல்லையா, அதுதான் கேள்வி. அதை அவர் என்னட்டக் கேக்கணும். மூணு மாசம் உங்களைச் சுத்தி வரத் தேவையில்ல.” பிறகு கொஞ்சம் குரல் தணிந்து, “பெண் வீடு வேணாம் எண்டு அவருக்கு ஆர் சொல்லிக் குடுத்த?” என்றாள்.

“நான்தான். சொல்லிக் குடுக்கல்ல, இருந்து காட்டினன்.”

அவள் தோள் பையை இறக்கி வைத்தாள். ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். நான் இருந்தேன். உனக்கு மேலே எழுதிய எல்லாவற்றையும், மேசை, விளக்கு, அலுமாரி எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவளுடைய வாப்பாவும் கேட்டுக்கொண்டு நின்றார். மேசனும் கம்பியை விட்டுவிட்டுக் கேட்டார். முடிவில் அவள், “நீங்க என்ன சொல்றீங்க மாமா? அவர் இங்க வந்து இருக்கிறதா, வேணாமா?” என்று கேட்டாள். அவள் விடமாட்டாள் என்று தெரிந்தது. “வந்து இருந்தா நல்லம். வாய் திறந்து இருக்கணும்” என்றேன். “இதை அவருக்குச் சொன்னீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப எழுதுங்க. மிச்சத்தை நான் கேக்கிறன்” என்றாள். பிறகு மேசனிடம், “நானா, வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை வேணாம்” என்றாள். அவளுடைய வாப்பா ஏதோ சொல்ல வந்தார், பிறகு அவரும் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினார். சீமெந்துப் பைகளுக்கு மேலே தறப்பாள் போட நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மகன், நீ வேண்டாம் என்று சொல்வதென்றால் சொல். அது உன் உரிமை. வாடகை வீடு எடுத்து இருப்பவர்களும் நல்லபடி இருக்கிறார்கள். ஆனால் என்னைச் சாட்சியாக வைத்து அதைச் சொல்லாதே. உன் காரணம் வேறொன்றாக இருந்தால் அதைத் தேடிப்பார். இல்லை, எல்லாமே என்னைப் பார்த்து வந்த பயம்தான் என்றால், அதையும் அவளிடம் அப்படியே சொல். அவள் கேட்டுக்கொள்வாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது, அவளை எனக்கு ஒரு மத்தியானம்தான் தெரியும். அந்த ஒரு மத்தியானத்தில் நாலு முறை அவள் என்னிடம் நேராகக் கேட்டாள், நாலு முறையும் நான் நேராகப் பதில் சொல்லிவிட்டேன். அது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஹஸ்னா பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வர இங்கே இரண்டு மணியாகும். உனக்கு அப்போது பதினொன்றரை. சாப்பிட்டுத் தொழுதுவிட்டு மூன்று மணிக்குப் பிறகு அவள் கையில் தொலைபேசி இருக்கும் என்றாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். நீ என்ன சொல்லுவாய் என்று அவளுடைய வாப்பா நேற்றும் இன்றும் என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் யாரிடமும் எந்தப் பதிலும் சொல்லிவைக்கவில்லை.

வாப்பா